‘எல்லாம் மாயை’ என்று பிரசங்கி எதைச் சொன்னார்?

எங்கள் பெரியப்பா தச்சு வேலை செய்தவர். நாற்பது வருஷத்துக்கு மேல் உளி பிடித்த கை. அவர் இறந்த அன்று வாசலில் பந்தல் போட்டு ஜெபம் நடந்தது. வந்திருந்த போதகர் பிரசங்கி புத்தகத்தைத் திறந்து, “மாயை, மாயை, எல்லாம் மாயை” என்று வாசித்தார். அப்புறம், “இந்த அண்ணன் ஆயுசு முழுக்கப் பட்ட பாடெல்லாம் இன்றைக்கு என்ன ஆச்சு பார்த்தீர்களா?” என்று கேட்டார். நான் அப்போது வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். அந்த நிலையும் கதவும் பெரியப்பா செய்தவை. முதுகில் மரம் திடமாகப் பட்டது. இதுவா மாயை என்று உள்ளுக்குள் கோபம் பொங்கியது.

பல வருஷம் கழித்து அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து நிதானமாகப் படித்தேன். பிரசங்கி அப்படிச் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. துக்க வீட்டில் ஒரு வரி, கல்யாண மேடையில் ஒரு வரி, அலுவலகச் சுவரில் ஒரு வரி என்று பிய்த்துப் பிய்த்தே நாம் இதைக் கேட்டிருக்கிறோம். அதனால் புத்தகம் சொல்ல வந்ததற்கு நேர் எதிரானதையும் அதன் பெயரில் சொல்லிவிட முடிகிறது. வேலையைப் பற்றியும் சாவைப் பற்றியும் பைபிளில் இவ்வளவு நேருக்கு நேராகப் பேசுகிற புத்தகம் வேறு இல்லை என்று நினைக்கிறேன். பைபிள் பழக்கமே இல்லாதவருக்கும் புரிகிற மாதிரி அதை எழுதிப் பார்க்கிறேன்.

யார் இந்தப் பிரசங்கி?

பைபிளின் பழைய ஏற்பாட்டில் ‘ஞான நூல்கள்’ என்று ஒரு வகை உண்டு. சட்டமோ வரலாறோ சொல்லாமல், எப்படி வாழ்வது என்று யோசிக்கிற புத்தகங்கள் அவை. நீதிமொழிகள், யோபு, பிரசங்கி மூன்றும் அதில் முக்கியமானவை. நீதிமொழிகள் பொது விதியைச் சொல்லும்: “சுறுசுறுப்புள்ளவன் கையோ செல்வத்தை உண்டாக்கும்.” சரி, சுறுசுறுப்பாக உழைத்தும் ஒன்றும் சேராதவர்கள் இருக்கிறார்களே? செல்வம் சேர்ந்தும் தூக்கம் வராதவர்கள் இருக்கிறார்களே? உழைத்தவர், உழைக்காதவர் இருவருமே சாகிறார்களே? விதிக்கு அடங்காமல் மீந்து நிற்கும் இந்தக் கேள்விகளைத்தான் பிரசங்கி எடுத்துக்கொள்கிறது.

சின்னப் புத்தகம்தான். 12 அதிகாரம், 222 வசனம். மூலம் எபிரேய மொழியில் எழுதப்பட்டது. பேசுகிறவரின் எபிரேயப் பெயர் கோஹெலெத். சபையைக் கூட்டுகிறவர், சபையில் பேசுகிறவர் என்று பொருள். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவரைப் பிரசங்கி என்றது. பிற்காலத் தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘சபை உரையாளர்’ என்கிறது. முதல் வசனம் ‘தாவீதின் குமாரனும் எருசலேமின் ராஜாவும்’ என்பதால் தாவீதின் மகன் சாலொமோன் ராஜா எழுதியது என்பது மரபு. ஆனால் சாலொமோன் என்ற பெயர் புத்தகத்தில் எங்கும் வருவதில்லை. அதன் எபிரேய நடையும் அதில் கலந்திருக்கும் பாரசீகச் சொற்களும் பிற்காலத்தவை. அதனால் பெரும்பாலான ஆய்வாளர்கள் கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக்கும் 3-ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் வைக்கிறார்கள். சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த துண்டுப் பிரதி கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. யார் எழுதினார் என்பதைப் பொறுத்து இங்கே நாம் பேசப் போவது மாறாது, அதனால் மேலே போகலாம்.

இட்லிப் பானையின் ஆவி

இட்லி வெந்ததும் பானையின் மூடியைத் திறக்கிறோம். ஆவி முகத்தில் அடிக்கிறது. மூக்குக் கண்ணாடி மங்குகிறது, கை சற்றுக் கிட்டே போனால் சுடுகிறது. இந்த ஆவி பொய் என்று யாராவது சொல்வார்களா? அதுதானே இட்லியை வேகவைத்தது! ஆனால் அதைக் கையால் பிடித்து ஒரு டப்பாவில் போட்டு நாளைக்கு வைத்துக்கொள்ள முடியாது. பிடிக்கப் போன விரல்களுக்கு நடுவிலேயே கரைந்துவிடும்.

பிரசங்கி பயன்படுத்துகிற எபிரேயச் சொல் ஹெவெல். அதன் நேர்ப்பொருள் ஆவி. குளிர்காலத்தில் வாயிலிருந்து வரும் மூச்சுப் புகை. இந்த ஒரு சொல் புத்தகத்தில் 38 முறை வருகிறது. ‘மாயை’ என்று நாம் படிப்பதெல்லாம் இதுதான். தமிழில் ‘ஆவி’ என்ற சொல்லுக்கே நீராவி, மூச்சு, உயிர் என்று எல்லாப் பொருளும் உண்டு. ஹெவெலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் அகப்படுமா என்று தெரியவில்லை. ஆனால் தமிழ் பைபிளில் ‘ஆவி’ வேறொரு எபிரேயச் சொல்லுக்கு, கடவுளின் ஆவி, மனிதனின் ஆவி என்று சொல்லும் ரூவாக்குக்கு, ஏற்கெனவே போய்விட்டது. ஹெவெலுக்கு ‘மாயை’ வந்து உட்கார்ந்தது.

அங்கேதான் சிக்கல். தமிழ்க் காதுக்கு மாயை என்றால் இல்லாதது இருப்பதாகத் தோன்றுவது. கயிற்றைப் பாம்பென்று பார்த்துப் பயந்த கதை. (சைவ சித்தாந்தத்தில் மாயைக்கு வேறு ஆழமான பொருள் உண்டு. நான் சொல்வது பொதுவழக்கை.) ஆக, “எல்லாம் மாயை” என்றதும், ‘உன் வேலை பொய், உன் வீடு பொய், நீ கண்டது கனவு’ என்று கேட்கிறோம். எபிரேயத்தில் கேட்டவருக்கோ, ‘எல்லாம் ஆவியைப் போல’ என்றுதான் கேட்டிருக்கும். இருக்கிறது, சுடுகிறது, வேலை செய்கிறது, ஆனால் நிற்காது.

இந்த நழுவல் தமிழில் மட்டும் நடந்ததும் அல்ல. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பே ‘வெறுமை’ என்ற பொருளுள்ள சொல்லைப் போட்டது. பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த எரோணிமுஸ் அதை ‘வானிதாஸ்’ என்றார், அதுவும் வெறுமைதான். ‘வீண், முற்றிலும் வீண்’ என்கிற திருவிவிலியம் அந்த வழியில் வருகிறது. நடுவில், கி.பி. 2-ஆம் நூற்றாண்டில், அக்கிலா என்ற மொழிபெயர்ப்பாளர் கிரேக்கத்தில் ‘ஆவி’ என்ற பொருளுள்ள சொல்லையே தேர்ந்தெடுத்தார். அவர் வழி பரவவில்லை. என்னைக் கேட்டால் மாயை, வீண் இரண்டையும்விட ‘நிலையாமை’ கிட்ட வரும். திருக்குறளில் ஓர் அதிகாரத்துக்கே அது பெயர்.

எபிரேயம் தெரிந்தவருக்கு இன்னொன்றும் உடனே தட்டுப்படும். ஆதியாகமத்தில் காயீன், ஆபேல் என்ற அண்ணன் தம்பி கதை இருக்கிறது அல்லவா? ஆபேல் என்று நாம் சொல்லும் பெயர் எபிரேயத்தில் ஹெவெல்தான். அதே சொல். ஆடு மேய்த்தான், தன் மந்தையிலிருந்து நல்லதைக் காணிக்கையாகக் கொடுத்தான், அண்ணன் கையால் இளமையிலேயே செத்தான். கொலை செய்த காயீனோ உயிரோடிருந்து ஒரு நகரத்தையே கட்டினான். பிரசங்கி 38 முறை ‘ஹெவெல்’ என்னும்போது அந்தத் தம்பியின் பெயரும் கூடவே ஒலிக்கிறது. அவன் வாழ்க்கை பொய்யா? அவன் வேலை பொய்யா? சீக்கிரம் போய்விட்டான், அநியாயமாகப் போய்விட்டான். ஹெவெல் என்ற சொல்லுக்குள் இந்த வருத்தமும் இருக்கிறது.

சுருக்கமாக: பிரசங்கியின் ‘மாயை’ ஆவியையும் மூச்சையும் குறிக்கிற சொல். இல்லாததை அல்ல, பிடித்து வைத்துக்கொள்ள முடியாததைச் சொல்கிறது.

காற்றை மேய்ப்பது

மாயையோடு அடிக்கடி ஒட்டி வரும் இன்னொரு தொடர் ‘மனதுக்குச் சஞ்சலம்’. மூலத்தில் அது ஒரு படம்: காற்றை மேய்ப்பது. காற்றைத் துரத்துவது என்றும் பொருள் சொல்வார்கள். ஒருவன் கையில் கோலோடு நின்று, காற்றை ஆட்டு மந்தை போல ஓரிடத்தில் சேர்க்கப் பார்க்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் தப்பில்லை, அது நல்ல காற்று. அதைப் பட்டியில் அடைக்க நினைத்ததுதான் தப்பு. திருவிவிலியம் இதைக் ‘காற்றைப் பிடிக்க முயல்வது’ என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

மிச்சமும் பங்கும்

இப்போது புத்தகத்தின் நடுநரம்புக்கு வருவோம். அதன் முதல் கேள்வியே வேலையைப் பற்றியதுதான்: “சூரியனுக்குக் கீழே மனுஷன் படுகிற எல்லாப் பிரயாசத்தினாலும் அவனுக்குப் பலன் என்ன?”

இங்கே ‘பலன்’ என்று வருவது யித்ரோன் என்ற எபிரேயச் சொல். பைபிளில் வேறெந்தப் புத்தகத்திலும் இது இல்லை. ‘மீதி நிற்பது’ என்ற வேரிலிருந்து வந்த, வியாபார வாடை அடிக்கிற சொல். நம் வீட்டுப் பேச்சில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது: மிச்சம். மாசக் கடைசியில் வாடகை, கடன் தவணை, பள்ளிக்கூடக் கட்டணம் எல்லாம் போக, “மிச்சம் என்ன?” என்று கேட்கிறோமே, அதையேதான் பிரசங்கி முழு வாழ்க்கைக்கும் கேட்கிறார். பிறந்தது முதல் சாகிற வரை வரவு செலவு எல்லாம் எழுதிக் கடைசியில் கோடு போட்டால், கோட்டுக்குக் கீழே என்ன நிற்கும்?

அவர் இதை ஒரு சோதனையாகவே செய்து பார்க்கிறார். 2-ஆம் அதிகாரத்தில் வீடுகள் கட்டுகிறார், திராட்சத் தோட்டம் போடுகிறார், மரங்களுக்குத் தண்ணீர் பாய்ச்சக் குளங்கள் வெட்டுகிறார், வெள்ளியும் பொன்னும் சேர்க்கிறார், பாடகர்களை வைத்துக்கொள்கிறார். பிறகு வருகின்றன இரண்டு வசனங்கள். 10-ஆம் வசனத்தில், “நான் செய்த முயற்சிகளிலெல்லாம் என் மனம் மகிழ்ச்சிகொண்டிருந்தது, இதுவே என் பிரயாசங்கள் எல்லாவற்றினாலும் எனக்கு வந்த பலன்” என்கிறார். அடுத்த வசனத்திலேயே, “சூரியனுக்குக் கீழே பலன் ஒன்றும் இல்லை” என்கிறார்.

பலன் வந்தது என்றாரே, உடனே பலன் இல்லை என்கிறாரே? தமிழில் படித்து நான் இங்கே ரொம்ப நாள் முட்டிக்கொண்டேன். மூலத்தில் இவை இரண்டும் வேறு வேறு சொற்கள். இரண்டாவது ‘பலன்’ யித்ரோன், அதாவது மிச்சம். முதல் ‘பலன்’ ஹேலெக். அதற்குப் பொருள் பங்கு. 3-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் இதே ஹேலெக்கைத் தமிழ் பைபிள் சரியாகவே ‘இதுவே அவன் பங்கு’ என்று வைத்திருக்கிறது.

பங்கு என்றால் என்ன என்று நம் கடற்கரையில் போய்ப் பார்த்தால் விளங்கும். வள்ளம் கரைக்கு வந்ததும் மீனை ஏலம் விடுவார்கள். டீசல், ஐஸ் செலவு கழித்து, மீதியைப் படகுக்கு, வலைக்கு, போன ஆட்களுக்கு என்று பிரிப்பார்கள். ஒருவர் கையில் வருவது அவர் பங்கு. அது அன்றைய கடலுக்கு அன்றைய பங்கு. இன்றைக்கு நிறைய, நாளைக்குக் கொஞ்சம், மறுநாள் ஒன்றுமே இல்லாமலும் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டால் அது முடிந்தது. முடிந்ததால் அது இல்லாமல் போய்விடவில்லை. பிள்ளைகள் வயிறார உண்டார்கள். பைபிளுக்குள்ளேயே இதற்கு மூத்த கதை ஒன்று உண்டு. இஸ்ரவேலர் வனாந்தரத்தில், கடவுள் கொடுத்த மன்னா என்ற உணவை அன்றன்றைக்கு வேண்டிய அளவு பொறுக்கினார்கள். மீத்து வைத்தவர்களின் மன்னா மறுநாள் புழுத்து நாறியது.

பிரசங்கியின் கண்டுபிடிப்பு இதுதான்: வேலையில் மிச்சம் கிடையாது, பங்கு உண்டு. மிச்சத்தைத் தேடிப் போகிறவன் காற்றை மேய்க்கிறான். பங்கைப் பங்காக வாங்கிக்கொள்கிறவன் சாப்பிடுகிறான். புத்தகம் திரும்பத் திரும்ப, சோர்ந்த இடத்தில் எல்லாம், ஒரே பேச்சுக்கு வருவது இதனால்தான்: “மனுஷன் புசித்துக் குடித்து, தன் பிரயாசத்தின் பலனை அனுபவிப்பதைப்பார்க்கிலும், அவனுக்கு ஒரு நன்மையும் இல்லை, இதுவும் தேவனுடைய கரத்திலிருந்து வருகிறது என்று நான் கண்டேன்.” இந்தக் கடைசித் துண்டு முக்கியம். பங்கு என்பது கொடுக்கப்படுவது. சம்பாதித்தவன் நான்தான், ஆனால் அனுபவிக்கிற வாய்ப்பு என் சம்பாத்தியத்தில் சேராது. எல்லாம் இருந்தும் ஒரு வாய் ருசிக்க முடியாமல் போனவர்களைப் பிரசங்கி பார்த்திருக்கிறார், நாமும் பார்த்திருக்கிறோம்.

ஒரு எச்சரிக்கை இங்கே வேண்டும். ‘உனக்குக் கிடைத்த பங்கில் திருப்தியாக இரு’ என்று கூலி குறைத்துக் கொடுக்கிறவர் சொன்னால், அவர் பிரசங்கியைத் திருடிப் பேசுகிறார். 4-ஆம் அதிகாரம் “ஒடுக்கப்பட்டவர்களின் கண்ணீரைக் கண்டேன், அவர்களைத் தேற்றுவாரில்லை” என்றுதான் தொடங்குகிறது. பங்கைப் பறிப்பவரை அவர் எங்கேயும் நியாயப்படுத்தவில்லை.

சுருக்கமாக: மிச்சம் என்பது கணக்கு முடிந்தபின் நிற்பது. பங்கு என்பது வாழும்போதே கைக்கு வருவது. முதலாவதைப் பிரசங்கி தேடிப் பார்த்து இல்லை என்கிறார். இரண்டாவது இருக்கிறது என்கிறார்.

சாவு என்ன செய்கிறது?

மிச்சம் ஏன் நிற்பதில்லை? இடையில் சாவு இருக்கிறது. நாம் சேர்த்ததை யாரோ எடுத்துக்கொள்கிறார். “அவன் புத்திமானாயிருப்பானோ, மூடனாயிருப்பானோ, அதை யார் அறிவார்?” என்று பிரசங்கி கேட்கிறார். பெயராவது நிற்குமா என்றால், ஞானியையும் மூடனையும் காலம் ஒன்றுபோலவே மறக்கிறது.

ஆனால் சாவு பங்கைத் தொட முடியாது. பெரியப்பா ஒரு ஜன்னலைப் பொருத்தி முடித்ததும், இரண்டு அடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடி, கோணல் இருக்கிறதா என்று பார்ப்பார். சரியாக இருந்தால் எதுவும் சொல்ல மாட்டார். காதில் செருகிய பென்சிலை எடுத்துப் பெட்டியில் போடுவார், அவ்வளவுதான். அன்றைய சாப்பாடு அவருக்கு ருசித்திருக்கும். அந்த மத்தியானங்களை எந்தச் சாவு வந்து திரும்ப வாங்கிக்கொள்ளும்?

அதனால்தான் பிரசங்கி சாவை மறைத்துப் பேசுவதில்லை. “விருந்து வீட்டுக்குப் போவதிலும் துக்கவீட்டுக்குப் போவது நலம்” என்கிறார். அழுது சாக வேண்டும் என்பதற்காக அல்ல. உயிரோடிருக்கிறவன் அங்கே யோசிப்பான் என்று காரணமும் சொல்கிறார். கணக்குக்கு ஓர் எல்லை இருக்கிறது என்று தெரிந்தவனுக்குத்தான் பங்கின் அருமை தெரியும். பைபிளின் பாட்டுப் புத்தகமான சங்கீதத்தில் 90-ஆம் பாட்டு இதையே ஜெபமாகக் கேட்கிறது: “எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்.” அதே சங்கீதத்தின் கடைசி வரி, கைகளின் கிரியையை உறுதிப்படுத்தும்படி வேண்டுகிறது. நாட்கள் கொஞ்சம் என்பதும் கைவேலை வேண்டும் என்பதும் ஒரே ஜெபத்தில் நிற்கின்றன.

12-ஆம் அதிகாரத்தில் முதுமையை ஒரு வீடாகக் காட்டுகிற பாட்டு வருகிறது. “வீட்டுக் காவலாளிகள் தள்ளாடி” என்றால் கைகள் நடுங்குவது என்று பொதுவாகப் பொருள் கொள்கிறார்கள். ஏந்திரம் அரைக்கிறவர்கள் கொஞ்சமாகிப் போவது பற்கள் விழுவது. பலகணி வழியாய்ப் பார்க்கிறவர்கள் இருண்டு போவது கண். பெரியப்பாவின் கடைசி இரண்டு வருஷத்தில் அந்தக் காவலாளிகள் தள்ளாடுவதைக் கண்ணால் கண்டேன். பலகையில் நேர்கோடு இழுக்க உட்காருவார், பென்சில் அலையும். ஒரு தடவை அழித்துவிட்டு மறுபடி இழுத்தார், அதுவும் அலைந்தது. பேசாமல் பென்சிலை என்னிடம் நீட்டினார். இந்தப் பாட்டை எழுதியவர் இதுபோல யாரையோ பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

பிய்த்து எடுத்த வரிகள்

இவ்வளவு தெரிந்தபிறகு, வழக்கமாக மேற்கோள் காட்டப்படும் வரிகள் வேறு மாதிரி கேட்கும். “செய்யும்படி உன் கைக்கு நேரிடுவது எதுவோ, அதை உன் பெலத்தோடே செய்” என்பது 9-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஊக்கப் பேச்சாளர்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். வசனம் நிற்கவில்லை: “நீ போகிற பாதாளத்திலே செய்கைகளும் வித்தையும் அறிவும் ஞானமும் இல்லையே.” பாதாளம் என்பது எபிரேயத்தில் ஷியோல். நரகம் என்று எண்ண வேண்டாம். நல்லவர் கெட்டவர் எல்லாரும் போய்ச் சேருகிற, சத்தமில்லாத இடமாக அந்தக் காலத்தார் அதை நினைத்தார்கள். முதல் பாதி ‘ஜெயிப்பாய், அதனால் உழை’ என்று சொல்லவில்லை. வேலை செய்கிற பாக்கியம் இந்தப் பக்கத்தில் மட்டும்தான், அதனால் முழுமனதோடு செய் என்கிறது. அடுத்த வசனமோ, ஓடுகிறவனின் வேகமும் வீரனின் வலிமையும் மட்டும் போதாது என்கிறது. ஊக்கப் பேச்சுக்கு அது உதவாது!

‘புசித்துக் குடித்து’ என்பதை, நாளைக்குச் சாகப் போகிறோம், இன்றைக்குக் கூத்தடிப்போம் என்று எடுப்பவர்கள் உண்டு. 2-ஆம் அதிகாரத்தில் அந்தக் கூத்தையும் அவர் அடித்துப் பார்த்துவிட்டார். அதிலும் மிச்சம் இல்லை. அவர் சொல்லும் சாப்பாடு வேலைக்குப் பிறகு வருகிற சாப்பாடு, மனைவியோடு உட்கார்ந்து உண்கிற சாப்பாடு.

“பிறக்க ஒரு காலமுண்டு, இறக்க ஒரு காலமுண்டு” என்ற பாட்டு எல்லாருக்கும் தெரியும். ‘நல்ல நேரம் வரும், காத்திரு’ என்று அதற்கு அர்த்தம் சொல்கிறார்கள். அந்தப் பாட்டு முடிந்ததும் பிரசங்கி கேட்பது அதே பழைய கேள்வி: உழைக்கிறவனுக்கு மிச்சம் என்ன? காலங்கள் நம் கையில் இல்லை என்பதுதான் பாட்டின் பேச்சு. காத்திருப்பதைப் பற்றி அவர் சொன்னது 11-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: “காற்றைக் கவனிக்கிறவன் விதைக்கமாட்டான்.”

வேலைக்குப் போகிறவருக்கு இதில் என்ன?

எனக்குப் பிடித்த வசனம் 4:6: “வருத்தத்தோடும் மனச்சஞ்சலத்தோடும் இரண்டு கைப்பிடியும் நிறையக் கொண்டிருப்பதைப்பார்க்கிலும், அமைச்சலோடு ஒரு கைப்பிடி நிறையக் கொண்டிருப்பதே நலம்.” இதன் முன்னும் பின்னும் இரண்டு மனிதர்கள் நிற்கிறார்கள். முந்தின வசனத்தில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கும் சோம்பேறி. பிந்தி வருவது பிள்ளையோ சகோதரனோ இல்லாத தனி ஆள். செல்வம் சேர்த்துச் சேர்த்துக் கண் நிறைவதில்லை. யாருக்காக இப்படிப் பாடுபடுகிறேன் என்று அவன் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. காலியான இரண்டு கைக்கும் நிரம்பிய இரண்டு கைக்கும் நடுவில், ஒரு கை நிறைய, மறு கை சும்மா. அந்தச் சும்மா இருக்கிற கையால்தான் பக்கத்தில் இருப்பவரைத் தொட முடியும். சொல்லி வைத்தாற்போல அடுத்த வசனங்கள், ஒண்டியாய் இருப்பதிலும் இருவர் கூடியிருப்பது நலம், விழுந்தால் ஒருவனை ஒருவன் தூக்குவான் என்று போகின்றன.

கிறிஸ்தவர்கள் இங்கேயே நின்றுவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இயேசுவின் அப்போஸ்தலரான பவுல், செத்தவர்கள் உயிர்த்தெழுவதைப் பற்றி எழுதி முடிக்கும்போது, “கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது” என்கிறார். பிரசங்கி கேட்ட ‘மிச்சம் என்ன’ என்ற கேள்விக்குப் புதிய ஏற்பாட்டில் வரும் பதில் இது. ஆனால் கேள்வியைக் கேட்காமல் பதிலுக்குத் தாவுகிறவர்களுக்கு அந்தப் பதிலும் வெறும் சமாதானப் பேச்சாகத்தான் கேட்கும். துக்க வீடுகளில் நடப்பது பெரும்பாலும் அதுதான்.

யூதர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது, எனக்கு அது மிகவும் பிடிக்கும். அவர்களில் பலர் பிரசங்கியை ஜெப ஆலயத்தில் வாசிப்பது கூடாரப் பண்டிகையின்போது. அது அறுவடை முடிந்த சந்தோஷப் பண்டிகை. களஞ்சியம் நிறைந்து, மிச்சம் கையில் இருப்பதாகத் தோன்றுகிற நேரம். அப்போது வீட்டை விட்டு வெளியே வந்து, இலைதழையால் கூரை வேய்ந்த குடிசை போட்டு, ஏழு நாள் அதில் உண்கிறார்கள். கூரை வழியாக ஆகாயம் தெரியும். அந்த நாட்களில்தான் இந்தப் புத்தகத்தைத் திறக்கிறார்கள்.

படிக்க நினைப்பவருக்கு ஒரே ஒரு யோசனை. 222 வசனத்தையும் ஒரே மூச்சில் சத்தமாகப் படியுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ‘மாயை’ வரும் இடமெல்லாம் மனசுக்குள் ‘ஆவி’ என்று மாற்றிக்கொள்ளுங்கள், இட்லிப் பானையின் ஆவி.

பெரியப்பா செய்த அந்த வாசல் நிலையின் அடிப்பக்கம் மழைத் தண்ணீர் பட்டுப் பட்டு உளுத்துவிட்டது. போன மழைக்குப் பிறகு மாற்ற ஆள் வரவழைத்தோம். வந்தவர் குனிந்து பொருத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். “யாரு போட்டது?” என்று கேட்டார். சொன்னேன். “நல்லா போட்டிருக்காரு” என்றவர், பையிலிருந்து உளியை எடுத்தார்.